மாயவரத்துலேந்து கிளம்புற பூம்புகார் தொல்லியல் வேன் டூர்: போய்ட்டு வந்து எழுதுற ரிவ்யூ

மாயவரத்துலேந்து ஞாயித்துக்கிழமைல கிளம்புதே ஒருநாள் தொல்லியல் வேன் டூர், அதைப் பத்தி நிறைய பேரு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் விவரமா எழுதிடுறேன். முதல்லயே சொல்லிடுறேன், படிக்கிற பிள்ளைங்க இருக்குற வீடுன்னா கண்டிப்பா போங்க. பெரியவங்களுக்கு 900, பிள்ளைங்களுக்கு 500, இதுல டிபன், மதிய சாப்பாடு, வேன் எல்லாம் அடக்கம். கூட்டிட்டுப் போறவரு ரிட்டயர் ஆனவரு, அகழாய்வுக் குழிக்குள்ள எறங்கி வேலை பாத்த அனுபவம் உள்ளவரு. எங்கயும் தன் பேரைப் போட வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, அதனால ஐயான்னே எழுதுறேன், வேன்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம், பொடிசுங்க மட்டும் தாத்தான்னு கூப்பிட்டுச்சுங்க.

நான், வீட்டுக்காரரு, எட்டாவது படிக்கிற பொண்ணு, எங்க மாமனாரு, நாலு பேரும் போனோம். மாமனாருக்கு பூம்புகார்னா உசுரு. நாமெல்லாம் பூம்புகார் போனா என்ன பண்ணுவோம், சிலப்பதிகாரக் கலைக்கூடம் பாப்போம், பீச்ல நிப்போம், மீன் வறுவல் சாப்பிடுவோம், திரும்பிடுவோம். கலைக்கூடம் 1973-ல கட்டுனது, அழகா இருக்கும், தப்பே இல்ல. ஆனா நெசமாவே ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி மனுஷன் அடுக்குன செங்கல்லு அதே ஊருக்குள்ள கெடக்குது, அதைப் பாக்காமலே வந்துடுறோம். இந்த டூர் அதைத்தான் முதல்ல காட்டுது.

முதல்ல நிறுத்துனது பல்லவனேஸ்வரம், மேலையூர்ப் பக்கம். இங்க பௌத்த விகாரம் ஒண்ணோட அடித்தளம் இருக்கு, வரிசையா சதுர சதுரமா அறைங்க, துறவிங்க தங்குனது. இதை இந்தியத் தொல்லியல் துறைக்காரங்க 1960-கள்ல தோண்டி எடுத்தாங்க, கல்லுல செதுக்குன புத்தர் பாதமும் சின்ன வெண்கலப் புத்தரும் இங்கதான் கெடைச்சுது. சும்மா போயிருந்தா முழங்கால் ஒயரம் செங்கல் சுவரு, அவ்வளவுதானான்னு கெளம்பியிருப்போம். ஐயா என்ன பண்ணாருன்னா ஒவ்வொருத்தரையும் ஒரு அறை ஓரமா நிக்க வெச்சு, இதுல எத்தனை பேரு படுக்கலாம், வாசல் எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி வரும், சமையல் எங்க பண்ணியிருப்பாங்கன்னு கேட்டுக்கிட்டே போனாரு, பதில் சொல்றதுக்கு நாமளே குனிஞ்சு பாக்க வேண்டியதாப் போச்சு. என் பொண்ணு "ஐயா இங்க அடுப்பு இருந்த தடமே இல்லையே"ன்னா. "அப்ப சோறு எங்கேந்து வந்துச்சு"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே, ஊருக்காரங்க குடுத்திருப்பாங்கன்னா. அப்படின்னா சுத்தி இருந்த ஊரு இவங்களைத் தாங்குற அளவுக்கு வசதியா இருந்திருக்கணும் இல்லியான்னு அங்கேந்து வணிகத்துக்குப் பேச்சைக் கொண்டு போனாரு. செங்கல்லை வெச்சு அந்தக் காலத்து ஊரோட பொருளாதாரம் வரைக்கும் எப்படிப் போறதுன்னு எனக்கு அங்கதான் பிடிபட்டுச்சு.

அடுத்து கீழையூர். இதுதான் டூர்லயே ரொம்பப் பிடிச்ச எடம். படகு கட்டுற துறைன்னு சொல்ற செங்கல் மேடை, பெரிய பெரிய செங்கல்லு, பக்கத்துல மரத் தூண் நட்டிருந்துச்சு, படகைக் கட்டுறதுக்கு. அந்த மரத்தைத்தான் கார்பன் 14 சோதனைக்கு அனுப்புனாங்க, கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்குலன்னு வந்துச்சு. இந்த சோதனைய பல வீடியோல கேட்டிருப்பீங்க, யாரும் இவ்வளவு தெளிவா சொல்லல. உசுரோட இருக்குற மரம் செடி மனுஷன் எல்லாருக்குள்ளயும் கார்பன் 14 கொஞ்சம் இருந்துக்கிட்டே இருக்கும், செத்தப்புறம் புதுசா சேராது, இருக்குறது மட்டும் கொறைஞ்சுக்கிட்டே போகும், 5730 வருஷத்துல பாதியாயிடும். மிச்சம் எவ்வளவு இருக்குன்னு அளந்தா எப்ப செத்துச்சுன்னு தெரியும். அதனால கல்லுக்கு இது ஆகாது, இரும்புக்கு நேரா ஆகாது, மரம், கரி, நெல்லு, எலும்பு இதுக்குத்தான் ஆகும். அதோட ஒண்ணு சேத்து சொன்னாரு, இந்தத் தேதி மரம் உசுரோட இருந்த காலத்தைத்தான் காட்டும், துறை கட்டுன தேதியக் காட்டாது, பழைய மரத்தை எடுத்து வெச்சு கட்டியிருந்தா கட்டடம் அதைவிட இளசு, அதனாலதான் ஒரே ஒரு தேதிய நம்பி யாரும் வரலாறு எழுத மாட்டாங்க, கூடக் கெடைச்ச பானை ஓடு, காசு எல்லாத்தையும் ஒட்டிப் பாப்பாங்கன்னாரு.

இப்ப அந்த மேடைலேந்து கடல் தள்ளி இருக்கு. படகுத்துறை எப்படி நெலத்துக்குள்ள வந்துச்சுன்னு மாமனாரு கேட்டாரு. காவிரி தன்னோட வாய்க்கால மாத்திக்கிட்டே இருக்கும், வண்டல் போட்டுப் போட்டு மேடாக்கும், பழைய ஆத்துப் பாதை தூந்து போகும், அப்ப ஓடுன கிளையோட கரைல இருந்த துறை இது. டெல்டால தொல்லியல் பண்றது இதனாலதான் கஷ்டமாம், மத்த ஊருல பழைய மேடு மேலயே தெரியும், நம்ம பக்கம் ஆறு வருஷா வருஷம் மண்ணைக் கொண்டாந்து போத்திடும், கடலோரம்னா கொஞ்சம் தோண்டினாலே குழிக்குள்ள ஊத்து வந்துடும், மோட்டார் போட்டு எறைச்சுக்கிட்டேதான் வேலை பாக்கணும். நஞ்சைல விவசாயம் பண்ற நமக்கு இது சொல்லித் தெரியணுமா, ஆனா அகழாய்வோட சேத்து நான் யோசிச்சதே இல்ல.

டிபன் இட்லி பொங்கல், நல்லா இருந்துச்சு.

இப்ப மெயின் விஷயத்துக்கு வரேன், பிள்ளைங்களுக்காக இவங்க வெச்சிருக்குற மாதிரிக் குழி. தெரிஞ்சவங்க நெலம் ஒண்ணுல மேட்டுப் பகுதில முன்கூட்டியே தோண்டி, அடுக்கடுக்கா மண்ணு போட்டு, நடுவுல இந்தக் காலத்துச் சாமான்களைப் புதைச்சு வெச்சிருக்காங்க. பிள்ளைங்களுக்கு கரண்டி, பிரஷ், சல்லடை, நூல் கயிறு, அளவு டேப், லேபிள் ஒட்டுன கவர். நாலு மூலைல முளைக்குச்சி அடிச்சு கயிறு கட்டி கட்டம் பிரிச்சாங்க. ஒரு பையன் ரெண்டாவது நிமிஷமே பானை ஓடு தெரிஞ்சதும் புடுங்கிட்டான். ஐயா சத்தம் போடல, பக்கத்துல போய் உக்காந்து, "தம்பி, இது எங்க இருந்துச்சு?"ன்னாரு. "இங்கதான்." "இங்கன்னா எந்த எடம், எவ்வளவு ஆழம், மல்லாந்து கெடந்துச்சா கவுந்து கெடந்துச்சா, பக்கத்துல என்ன இருந்துச்சு?" பையனால சொல்ல முடியல. "இப்ப இது வெறும் ஓடு. நீ எழுதிட்டு எடுத்திருந்தா சாட்சி"ன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பையன்தான் மத்தவங்களை எடுக்க விடாம டேப்போட சுத்துனான்.

மண்ணடுக்கைப் பத்தி சொன்னது அருமை. பழைய காலண்டரைக் கழட்டாம அதே ஆணில புதுசை மாட்டிக்கிட்டே வந்தா எப்படியோ அப்படி, மேல உள்ளது புதுசு, அடியில உள்ளது பழசு. இது எல்லா புஸ்தகத்துலயும் இருக்கும். ஆனா அந்தக் குழில இவரு ஒரு வேலை பண்ணி வெச்சிருந்தாரு. எல்லா அடுக்கையும் தாண்டி சாம்பல் அடுக்குக்கும் கீழ, கடைசி மணல்ல, ஒரு சோடா பாட்டில் மூடி. என் பொண்ணுதான் அதைக் கண்டுபிடிச்சா. அப்ப பாட்டில் மூடி சாம்பலைவிட பழசான்னு கொழப்பம். ஐயா குழியோட பக்கச் சுவரைக் கரண்டியால மெதுவா சீவி, தண்ணி தெளிச்சு, இப்ப பாருங்கன்னாரு. ஈரம் பட்டதும் நெறம் பளிச்சுன்னு பிரிஞ்சுது. மேலடுக்குலேந்து ஒரு கருப்பு மண்ணு கோடு நேரா கீழ எறங்கி, வளைஞ்சு, மறுபடி மேல ஏறிச்சு. பின்னாடி வந்த யாரோ மேலேந்து தோண்டுன பள்ளம் அது, மூடி அந்தப் பள்ளத்தோட சேந்தது, மணலோட சேந்தது இல்ல. குப்பைக் குழி, தூண் குழி, கெணறு, எலி வளை, மரத்து வேரு இப்படி எத்தனையோ வந்து அடுக்கைக் கொழப்பும், அதைச் சுவத்துல படிக்கத் தெரிஞ்சாத்தான் தொல்லியல்காரன், பொருளை எடுக்குறது பெரிய வித்தை இல்லன்னாரு. பொண்ணு அந்தக் கோட்டை நோட்டுல வரைஞ்சு கலர் பென்சில்ல அடிச்சு வெச்சிருக்கா. ஸ்கூல்ல ஒரு டெர்ம் பூரா நடத்துனாலும் இது வராதுங்க, நான் மனசாரச் சொல்றேன்.

இங்கதான் செம்பியன்கண்டியூர் கதையும் வந்துச்சு. குத்தாலம் பக்கத்து ஊரு, நம்ம ஊருக்காரங்களுக்கே பாதிப் பேருக்கு இது தெரியாது. 2006-ல ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு வீட்டுக் கொல்லைல குழி தோண்டுறப்ப வழவழப்பான கல் கோடாலி ஒண்ணு கெடைச்சுது, புதிய கற்காலத்தைச் சேந்தது, அதுல நாலு குறியீடு. பழைய எழுத்துங்களை ஆராய்ஞ்ச அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் பாத்துட்டு சிந்துவெளிக் குறியீடுங்கதான்னு சொன்னாரு, உலகம் பூரா நியூஸ் ஆச்சு. எல்லா அறிஞரும் அதை ஒத்துக்கல. அந்த வாத்தியாரு மறைக்காம, விக்காம, முறைப்படி தகவல் சொன்னதாலதான் இன்னிக்கு அந்தக் கல்லைப் பத்தி நாம பேசுறோம், அப்புறம் தொல்லியல் துறை அந்த ஊருல அகழாய்வும் பண்ணுச்சு. ஆனா கோடாலி கொல்லைல மரம் வெக்கத் தோண்டுன குழில வந்ததால எந்த அடுக்கு, கூட என்ன இருந்துச்சுன்னு பதிவு இல்ல, சர்ச்சை தீராம இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்னாரு. முன்னாடி பாத்த பையனோட பானை ஓடு எல்லாருக்கும் ஞாபகம் வந்துச்சு.

நம்ம பக்கம் வீடு கட்ட, போர் போட, கோயில் வேலைக்குன்னு தோண்டிக்கிட்டேதான் இருக்கோம். 2023-ல சீர்காழி சட்டைநாதர் கோயில்ல யாகசாலைக்கு மண்ணு எடுக்கத் தோண்டினப்ப 20-க்கு மேல பஞ்சலோகச் சிலைங்களும், தேவாரம் பொறிச்ச 400-க்கும் மேல செப்பேடும் வந்துச்சே, அப்படி நாளைக்கு நம்ம வீட்டுலயும் வரலாம். வந்தா தாசில்தாருக்கோ கலெக்டருக்கோ சொல்லணும், 1878-லேந்து புதையல் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா சொல்லியே ஆகணும். கையால தேய்க்காதீங்க, கழுவாதீங்க, எலுமிச்சம்பழம் புளி போட்டு பளபளன்னு ஆக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொன்னாரு. பானைக்குள்ள ஒட்டியிருக்குற கரியும் மண்ணும்தான் அதுல என்ன சமைச்சாங்கன்னு சொல்லுமாம்.

ஐயா எங்களுக்குக் காட்டப் பெட்டில கொண்டு வந்த பானைங்க எல்லாம் மண்பாண்டம் செய்யுற வேளார் ஒருத்தர்கிட்ட சொல்லிப் புதுசா செஞ்சது, பழசு எதையும் கையில வெச்சுக்கிட்டு சுத்துறதில்ல, இந்த நேர்மை எனக்குப் பிடிச்சுது. கருப்பு சிவப்புப் பானை எப்படி உள்ள கருப்பா வெளிய சிவப்பா வருதுன்னு தொட்டுப் பாக்க விட்டாரு. சூளைல கவுத்து வெச்சு சுடுவாங்க, உள்பக்கமும் வாய்ப்பக்கமும் காத்து படாம கருக்கும், வெளிப்பக்கம் காத்து பட்டு செவக்கும். இன்னொண்ணு ரௌலட்டட் ஓடு, மெல்லிசா, தட்டோட உள்பக்கம் வட்ட வட்டமா பொடிப் புள்ளி. காவிரிப்பூம்பட்டினத்துல கெடைச்சிருக்கு, புதுச்சேரி பக்கத்துல உள்ள அரிக்கமேட்டுல 1945-ல வீலர்ங்குற ஆங்கிலேயத் தொல்லியலாளர் தோண்டுனப்ப இது ரோமாபுரிலேந்து வந்ததுன்னு நெனைச்சாங்க, பின்னாடி களிமண்ணையே சோதிச்சுப் பாத்தப்ப இந்தியாவுலயே செஞ்சதுன்னு தெரிய வந்துச்சு. ஒரு ஓட்டால எவ்வளவு மாறிப் போச்சு பாருங்க, வாங்குற ஊருன்னு நெனைச்ச நம்ம கடக்கரை செஞ்சு விக்கிற வணிக வலைக்குள்ளயும் இருந்திருக்கு.

பட்டினப்பாலைல சுங்கச்சாவடில மூட்டைங்க மேல புலி முத்திரை குத்துனாங்கன்னு வருது. அதைப் பாட்டுன்னு விட்டுடலாம். ஆனா புலி போட்ட சோழர் சதுரச் செப்புக் காசு இந்த ஊரு மண்ணுலேந்தே கெடைச்சிருக்கு. தாலமிங்குற கிரேக்கப் புவியியலாளர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுல எழுதுனதுல காவிரி முகத்துல இருந்த வணிகத் துறைய கபேரிஸ்னு குறிக்கிறாரு. பாட்டு, வெளியூர்க்காரர் குறிப்பு, மண்ணுக்குள்ள கெடைச்ச காசு மூணும் ஒரே எடத்தைக் காட்டுதுன்னா அப்பத்தான் நெஞ்சை நிமித்தி சொல்லலாம்னாரு ஐயா. மாமனாரு கைதட்டுனாரு.

பீச்ல நின்னு கடலுக்குள்ள போன ஊரைப் பத்திப் பேசுனதுதான் வேன்ல வீடு திரும்புற வரைக்கும் வாக்குவாதமாச்சு. மணிமேகலைல இந்திர விழா எடுக்காததால கடல் கொண்டுச்சுன்னு இருக்கு. மண்ணு என்ன சொல்லுதுன்னா, அலை அடிக்கிற எடத்துலயும் ஆழமில்லாத கடல்லயும் செங்கல் கட்டுமானம், உறைகெணறு (சுட்ட மண் வளையங்களை அடுக்கிக் கட்டுன கெணறு) எல்லாம் இருக்கு, கரை கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு ஊரை எடுத்திருக்குங்குறதுதான் பல ஆய்வாளர்ங்க கருத்து. 1991-ல கோவால உள்ள தேசிய கடலியல் நிறுவனத்துக்காரங்க கரைலேந்து 5 கிலோமீட்டர் வாக்குல, 23 மீட்டர் ஆழத்துல குதிரை லாட வடிவத்துல ஒரு அமைப்பைப் பாத்தாங்க. அதை வெச்சு பத்தாயிரம் வருஷத்துக்கு மேலன்னு சொன்னவங்க இருக்காங்க, கடலடித் தரை வரைபடத்தை வெச்சு பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 15,000 வருஷப் பழமைன்னும் சொல்லியிருக்கு. மாமனாரு அதைத்தான் ஐயா வாயால கேக்கணும்னு வந்திருந்தாரு. ஐயா சொல்லல. வடிவம் தடயம், முடிவு இல்ல, அங்கேந்து மனுஷன் கை பட்ட பொருள் ஒண்ணு மேல வரணும், அதுக்குத் தேதி கெடைக்கணும், அதுவரைக்கும் கீழையூர்த் துறை தேதிய சொல்லுங்க, அதை யாரும் அசைக்க முடியாதுன்னாரு. 2025-ல தமிழ்நாடு தொல்லியல் துறை மறுபடி இந்தக் கடல்ல தேடல ஆரம்பிச்சிருக்கு, கெடைச்சா முதல் ஆளா நான் கும்பிடுவேன்னும் சொன்னாரு. மாமனாருக்கு முகம் வாடிப் போச்சு, கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அவரே போய் கீழடியோட கி.மு. 6-ஆம் நூற்றாண்டு தேதி எப்படி வந்துச்சுன்னு விசாரிக்க ஆரம்பிச்சுட்டாரு. என்னோட அபிப்பிராயம், இந்த டூருக்குக் குடுக்குற காசே இந்த ஒரு பேச்சுக்குத்தான். நம்ம ஊருப் பெருமைய ஊதிப் பெருசாக்கி சொல்றவங்க நூறு பேரு இருக்காங்க, எது வரைக்கும் ஆதாரம் நிக்குதுன்னு கை காட்டி சொல்றவங்க ரொம்பக் கொறைவு. ஆதாரத்தோட நிக்குறதே இவ்வளவு பெருசா இருக்குறப்ப நமக்கு எதுக்கு மிகைப்படுத்தல்?

மதியம் சாப்பாடு லேட்டு, பிள்ளைங்க பசியில வாடிடுச்சுங்க. மீன் கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு, சைவத்துக்கு சாம்பார் ரசம் அப்பளம்னு முடிச்சுட்டாங்க, இதைச் சரி பண்ணணும். கழிவறை வசதி பொம்பளைங்களுக்கு காலைலேந்து மதியம் வரைக்கும் சரியா அமையல, ரூட் போடுறப்பவே யோசிக்கணும். அவங்க குடுத்த ஜெராக்ஸ் ஷீட்ல மேப் மங்கி எழுத்தே தெரியல, கலர்ல ஒண்ணு அடிச்சுக் குடுத்தா 50 ரூபா ஜாஸ்தி வாங்கினாலும் குடுப்போம். வெயில்ல நிக்க வெச்சே பேசுறாரு, பெரியவங்களுக்கு மடக்கு நாற்காலி வேணும். வேன் ஏசி பரவால்ல, டிரைவர் அண்ணன் பொறுமைசாலி.

கடைசியா தரங்கம்பாடி, இதை ரொம்ப அவசரமா முடிச்சுட்டாங்க, எனக்கு அதுல வருத்தம்தான். எல்லாரும் 1620-ல டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை வாசல்ல போட்டோ எடுக்குறப்ப ஐயா எங்களை மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கூட்டிட்டுப் போனாரு. 1306-ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல எழும்புன கோயில், முன்பகுதியெல்லாம் கடல் எடுத்துருச்சு, மிச்சத்தைக் காப்பாத்தக் கல்லு கொட்டியிருக்காங்க. பூம்புகாருக்கு என்ன ஆச்சுன்னு யாரும் உக்காந்து பாத்து எழுதல, இங்க என்ன ஆச்சுன்னு பழைய டேனிஷ் வரைபடத்தையும் இப்ப உள்ள கரையையும் ஒப்பிட்டுப் பாக்கலாம், நம்ம கண்ணு முன்னாடி நடக்குறத வெச்சு கண்ணுக்குத் தெரியாம நடந்ததப் புரிஞ்சுக்குறதுதான் வழின்னாரு. இதுக்கு ஒரு மணி நேரமாவது வேணும், பத்து நிமிஷத்துல வேன் ஏத்திட்டாங்க. அமைப்பாளருங்க இதைப் படிச்சா, ரெண்டு நாளா பிரிச்சாலும் சரி, இங்க நேரம் குடுங்க.

இவங்களோட தஞ்சாவூர் டூரும் போயிருக்கேன், அது தனியா எழுதணும். பெரிய கோயில் உள்சுத்துல நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குன்னு 1931-ல கோவிந்தசாமின்னு அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் கண்டுபிடிச்ச கதைய அங்க கேளுங்க, மண்ணுல மட்டும் இல்ல சுவத்துலயும் அடுக்கு இருக்குன்னு தெரியும். அந்த உள்சுத்துக்குள்ள நம்மள விட மாட்டாங்க, போட்டோதான்.

யாருக்குப் பிடிக்காதுன்னா, ஒரு நாள்ல பத்து எடம் பாத்து போட்டோ போடணும்னு வர்றவங்களுக்கு. நடக்க முடியாத பெரியவங்க கீழையூர் வரைக்கும் வந்துட்டு மத்த எடத்துல வேன்லயே இருந்துக்கலாம். தொப்பி, குடை, தண்ணி, பிள்ளைங்களுக்கு நோட்டு பென்சில் எடுத்துக்கோங்க. பங்குனி சித்திரைல வேணாம், ஐப்பசி கார்த்திகைல மழையில மாதிரிக் குழி நடக்காது. தை மாசி நல்ல நேரம். மாசி முடியுறதுக்குள்ள நாகப்பட்டினம் டூர் ஆரம்பிக்கப் போறாங்களாம், இந்தோனேசியாப் பக்கம் இருந்த ஸ்ரீவிஜய அரசர் கட்டுன சூடாமணி விகாரம், அதுக்கு ஆனைமங்கலம் ஊரை ராஜராஜன் குடுத்ததைச் சொல்லுற லெய்டன் செப்பேடு, 1856-லேந்து அந்த ஊருல கெடைச்ச 350-க்கு மேற்பட்ட புத்த வெண்கலச் சிலைங்க, இதையெல்லாம் வெச்சு. சீட்டு கொஞ்சம்தான், முன்னாடியே போன் பண்ணி சொல்லிடுங்க, மாமனாரு ஏற்கனவே அட்வான்ஸ் கட்டிட்டாரு.